பதினாறு கொட்டைகளும் பூட்டிய பக்கங்களும்

சென்ற மாதம் ஒரு மழை நாளில், அடுக்களையில் புளி ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் பதினாறு புளியங்கொட்டைகளைக் கேட்டு வாங்கிக் கழுவித் துடைத்தேன். தாம்பாளம் ஒன்றில் கோதுமை மாவை மெல்லப் பரப்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடம் வழங்கும் இஃபா என்னும் குறிபார்க்கும் முறையின் முதற்படியைச் செய்து பார்ப்பது என் எண்ணம். குறி கேட்கும் ஆசை எனக்கில்லை. அதைப் பற்றிப் பல வாரங்களாகப் படித்தும் பிடிபடாத ஒரு விவரம், கையால் செய்தால் பிடிபடுமோ என்று தோன்றியது, அவ்வளவுதான்.

செய்முறை கேட்பதற்கு எளியது. பதினாறு கொட்டைகளையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரே வீச்சில் அத்தனையையும் அள்ள முயல வேண்டும். முதற்கையில் ஒன்று மிஞ்சினால் பொடியில் இரட்டைக் கோடு, இரண்டு மிஞ்சினால் ஒற்றைக் கோடு. எதுவுமே மிஞ்சாவிட்டாலும், இரண்டுக்கு மேல் மிஞ்சினாலும் அந்த அள்ளல் கணக்கில் சேராது. எட்டுக் கோடுகள் விழும்வரை இப்படியே செய்ய வேண்டும். வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு என்று அவை இரண்டு நிரல்களாக நிற்கும்.

புளியங்கொட்டையில் இது நடக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் பதினாறும் ஒரே அள்ளில் வந்துவிட்டன. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த மனைவி, "இதுக்கு அது சரிப்படாதுங்க, கை நிறையற மாதிரி எதையாவது வச்சுப் பாருங்க" என்று சொல்லி, ஏதோ ஒரு கல்யாணத்துத் தாம்பூலத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த கொட்டைப்பாக்கை டப்பாவோடு கொண்டுவந்து வைத்தார். பாக்கு நன்றாகவே வேலை செய்தது. பதினாறு முழுப்பாக்குகள் என் உள்ளங்கையில் அடங்கியும் அடங்காமலும் நின்றன. அள்ளும்போது ஒன்றோ இரண்டோ விரலிடுக்கில் நழுவின. முக்கால் மணி நேரத்தில் எட்டுக் கோடுகளும் விழுந்தன. இஃபாவில் எண்ணெய்ப்பனையின் கொட்டையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு இகின் என்று பெயர். கைக்கு அடங்கியும் அடங்காத அந்த அளவு இல்லாவிட்டால் இந்த முறையே இயங்காது என்பதை நான் வாசித்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம், பணம் கட்டினால்தான் திறக்கும் பூட்டிய பக்கங்களில்.

அந்தப் பூட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இஃபா என்னவென்று சொல்லாமல் பூட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஒரு நிரலில் நான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒற்றையோ இரட்டையோ விழலாம் என்பதால் ஒரு நிரலுக்குப் பதினாறு வடிவங்கள் உண்டு. இரண்டு நிரல்களைச் சேர்த்தால் 256. இந்த 256 வடிவங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒடு என்று பெயர். இரு நிரலும் ஒன்றுபோலவே அமைந்த பதினாறு ஒடுக்கள் தலையாயவை. எட்டும் ஒற்றைக் கோடுகளாக விழுவது முதலாவது, எட்டும் இரட்டையாக விழுவது இரண்டாவது. அன்றாடம் வருகிறவர்களுக்கு ஒப்பெலே என்னும் சங்கிலி போதும். அதில் எட்டு அரைவிதை ஓடுகள் கோத்திருக்கும். ஒரே வீச்சில் எட்டும் கவிழ்ந்தோ மல்லாந்தோ விழுந்து ஒடுவைக் காட்டிவிடும். பனங்கொட்டை முறை நேரம் பிடிப்பது, ஆகவே மதிப்பு மிகுந்தது. கணிப்பொறி படித்தவர்கள் இந்த இடத்தில் எட்டு இருமத்தை (பிட்) கண்டு துள்ளிக் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு சரிதான் என்றாலும், இஃபாவின் செல்வம் கணக்கில் இல்லை, ஒவ்வோர் ஒடுவின் கீழும் அடுக்கப்பட்டிருக்கும் பாடல்களில் இருக்கிறது.

அந்தப் பாடலுக்கு எசே என்று பெயர். யூனெஸ்கோ இஃபாவை 2005இல் மானுடத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலின் குறிப்பு, ஓர் ஒடுவுக்கு ஏறத்தாழ 800 பாடல்கள் இருக்கக்கூடும் என்றும், எண்ணிக்கை வளர்ந்துகொண்டே இருப்பதால் சரியான தொகை தெரியாது என்றும் கூறுகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு தனி மனிதர் அத்தனையும் அறிந்திருக்க மாட்டார். பாபலாவோ எனப்படும் இஃபா குரு சிறு வயதிலேயே ஓர் ஆசானிடம் சேர்ந்து, பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வீட்டிலேயே இருந்து, பாடல்களையும், அவற்றோடு சேர்ந்த மூலிகைகளையும், படையல் முறைகளையும் நெஞ்சில் ஏற்றிக்கொள்கிறார்.

குறி கேட்க வருகிறவர் தம் கேள்வியைப் பாபலாவோவிடம் சொல்வதில்லை. ஒரு காசை வாயருகே பிடித்து அதனிடம் முணுமுணுத்துவிட்டுக் கீழே வைக்கிறார். ஒடு விழுந்ததும் பாபலாவோ அதற்குரிய பாடல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்; கேட்கிறவர்தான் தம் நிலைமைக்குப் பொருந்துவதை அடையாளம் கண்டு நிறுத்துகிறார். பொருள்கொள்ளும் வேலையில் பாதி கேட்பவருடையது. "குறி" என்று தமிழில் சொன்னவுடன் நம் மனத்தில் எழும் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வந்தவரின் முகம் பார்த்துச் சொல்வதற்கு இங்கே இடம் குறைவு.

பாடலின் அமைப்புதான் என்னை வியக்க வைத்தது. நூலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இருக்கலாம். ஓர் எசே, முற்காலத்தில் அதே ஒடுவைக் கண்டு குறி சொன்ன பாபலாவோக்களின் பெயரோடு தொடங்குகிறது. அடுத்து, யாருக்குச் சொன்னார்கள் என்பது. அது ஒரு மன்னராகவோ, மரமாகவோ, பறவையாகவோ, ஓருன்மிலா என்னும் இஃபாவின் தெய்வமாகவோகூட இருக்கலாம். பிறகு, அவர் எதற்காகக் குறி கேட்டார், என்ன செய்யச் சொன்னார்கள், சொன்னபடி செய்தாரா, என்ன விளைந்தது, அதன் பின் அவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்று வரிசையாகச் செல்கிறது. இஃபா இலக்கியத்தை உள்ளிருந்தே ஆராய்ந்த வாண்டே அபிம்போலா இந்த அமைப்பை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். நம் இலக்கண நூல்களின் பாயிரம் ஆக்கியோன் பெயரையும் வழியையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பொருளுக்குள் நுழைகிறது அல்லவா, அதைப் போல இங்கேயும் இந்தச் செய்தி யார் வழியாக வந்தது என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. எழுத்தில்லாத மரபு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, தன் மூலத்தைக் குறிப்பிடாமல் ஒரு பாடலைக்கூடத் தொடங்குவதில்லை.

இதையெல்லாம் நான் தேடத் தொடங்கியது என் பழைய மாணவி ஒருவருக்காக. பல ஆண்டுகளுக்கு முன் நூலகத்தில் என் மேசைக்கு எதிரே அமர்ந்து குறிப்பெடுத்தவர், இப்போது வாய்மொழிப் பாடல்களில் முனைவர் பட்டத்துக்கு ஆய்கிறார். ஒரு நாள் தொலைபேசியில், "சார், எட்டுக் கட்டுரை வேணும், எல்லாமே இஃபா பத்தி. எங்க காலேஜ்ல ஒண்ணுகூடத் திறக்கல. நீங்க பாத்துத் தருவீங்களா?" என்று கேட்டார். நான் பணியிலிருந்தபோது இது பத்து நிமிட வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே என் கடவுச்சொல்லை முடக்கிவிட்டார்கள். அதில் யார்மீதும் வருத்தமில்லை, விதி அப்படி. ஆனால் பட்டியலோடு கணினி முன் உட்கார்ந்தபோதுதான், பூட்டுக்கு உள்ளேயே இருந்து பழகியவன் முதன்முறையாக வெளியே நின்று அதைப் பார்த்தேன். எட்டில் ஐந்து கட்டுரைகள் விலை கேட்டன. ஒன்றுக்கு 39 டாலர், அதுவும் எட்டே பக்கங்கள். இன்னொன்றின் விலை குறைவு, ஆனால் 48 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசு கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. அந்த மாணவி படிக்கும் தனியார் கல்லூரி அதற்குள் வரவில்லை, நானும் வரவில்லை.

என் சிரமம் பெரிதல்ல. யொரூபா மக்கள் வாழும் நைஜீரியாவில், இபாடானிலோ இலே-இஃபேயிலோ இருக்கும் ஒரு மாணவர், தம் பாட்டனார் நெஞ்சில் வைத்திருந்த பாடல்களைப் பற்றிய ஆய்வைப் படிக்க அதே 39 டாலரை நைராவில் எண்ணிப் பார்க்கும் நிலையை நினைத்தால்தான் விஷயத்தின் கனம் தெரிகிறது.

இஃபா பற்றி எழுதப்பட்டவை எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடிக்கொண்டு போனால், ஒரு நூற்றாண்டின் அரசியல் வரைபடமே விரிகிறது. யொரூபா மக்களுள்ளேயே பிறந்து ஆங்கிலிக்கன் போதகராக இருந்த ஈ. எம். லிஜாது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 1908இலும் இஃபா பற்றி யொரூபா மொழியிலேயே நூல் வெளியிட்டார். போதகர் என்பதால் அவருடைய நோக்கம் வேறாக இருந்தாலும், சொந்த மொழியில், சொந்த ஊரில், சொந்த மக்களுக்காக எழுதினார். உலகம் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அவரையல்ல.

பக்கத்து டஹோமேயில், இன்றைய பெனின் நாட்டில், ஃபொன் மக்களிடம் இதே மரபு ஃபா என்ற பெயரில் வழங்குகிறது. குறி பார்ப்பவர் அங்கே பொக்கோனோ. பிரெஞ்சு ஆட்சியின் அதிகாரியாக அங்கே பணியாற்றிய பெர்னார் மோபுவால் 1930களில் அதைப் பதிவு செய்தார். அவருக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் கெடெக்பே என்னும் முதியவர். பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு நாடு கடத்தப்பட்ட மன்னர் பெஹான்சினின் பொக்கோனோவாக இருந்தவர் அவர். மன்னரை வீழ்த்திய ஆட்சியின் அலுவலர் ஒருவருக்கு அந்த முதியவர் ஏன் அத்தனையையும் சொன்னார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மோபுவாலின் பெரிய நூல் 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் அச்சானது. எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்திருந்த அவர் மறு ஆண்டே நாஜி வதைமுகாமில் இறந்துபோனார். டஹோமேயின் அபோமே நகரத்து முதியவரின் அறிவு, இப்படியாகப் பாரிஸ் நூலக அலமாரியில் பிரெஞ்சு மொழியில் நிலைபெற்றது.

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1937-38இல் இலே-இஃபேயில் தங்கிச் சேகரித்தவை, முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு, 1969இல் இந்தியானாவிலிருந்து நூலாக வந்தன. யொரூபா மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிராக அமைந்த கவனமான பதிப்பு அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வாண்டே அபிம்போலா என்னும் யொரூபா அறிஞர் 1968இல் யொரூபா மொழியிலேயே தொகுத்த இஃபாப் பாடல் நூல்கூட ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பதிப்பகத்தின் வழியாகத்தான் வெளிவந்தது என்று அட்டவணையில் பார்த்தபோது சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அபிம்போலா பிற்காலத்தில் இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பட்டம் பெற்ற பேராசிரியர், பட்டம் சூட்டப்பட்ட பாபலாவோ என்ற இரண்டு பதவியும் ஒருவரிடமே சேர்ந்தது அரிய நிகழ்வு. 1981இல் இஃபே மன்னர் அவருக்கு உலக இஃபா குருக்களின் பேச்சாளர் என்னும் பொருள்படும் பட்டத்தை அளித்தார்.

பொருட்களும் இதே வழியில்தான் போயின. எஞ்சியிருக்கும் மிகப் பழைய இஃபாத் தட்டுகளுள் ஒன்று, டஹோமேக் கரையிலிருந்த அர்த்ரா நாட்டிலிருந்து சென்று, 1659க்கு முன்பே ஜெர்மனியின் உல்ம் நகர வணிகர் ஒருவரின் சேகரிப்பில் இடம்பெற்று, இன்றும் அந்த நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் தாம்பாளத்து மாவுக்கு மூதாதை.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. இஃபாவின் தங்கை முறை என்று சொல்லத்தக்க, பதினாறு சோழிகளை வீசிப் பார்க்கும் முறையும் யொரூபா மக்களிடம் உண்டு. அந்தச் சோழி மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் விளைந்ததல்ல; பெரும்பகுதி மாலத்தீவிலிருந்து போனது. டச்சுக் கம்பெனி அதை இலங்கையில் சேர்த்துக் கப்பலேற்றி ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுசென்றது; அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, மனிதர்களை அடிமைகளாக வாங்கும் நாணயமாகப் புழங்கியது. அதே சோழியை வீசித்தான் கியூபாவிலும் பிரேசிலிலும் அவர்களின் வாரிசுகள் இன்றும் வழி கேட்கிறார்கள்.

பூட்டுக்குத் திரும்புகிறேன். விலையைவிட நுட்பமான பூட்டு ஒன்றும் உண்டு, அது எழுத்துப் பூட்டு. யொரூபா மொழி ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. உயிரெழுத்தின் கீழ் ஒரு புள்ளியும் மேலே ஒரு சாய்கோடும் இட்டு அதை எழுதுவார்கள். ஒரே மூன்றெழுத்துச் சொல், புள்ளியும் கோடும் மாறுவதற்கேற்பக் கணவன், மண்வெட்டி, வண்டி, வயல் என்று நான்கு பொருள் தரும். பழைய தட்டச்சுப் பிரதிகளிலும் பல தரவுத்தளங்களிலும் இந்தக் குறிகள் உதிர்ந்துவிட்டன. வருடி எடுத்த படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது மிச்சமிருந்தவையும் சிதைகின்றன. பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த தமிழ்க் கோப்புகளைத் திருத்தியவர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. விளைவு என்னவென்றால், கட்டுரை திறந்தே இருந்தாலும் தேடினால் கிடைக்காது. அதோடு அட்டவணைகளில் இந்த மரபு இஃபா, ஃபா, அஃபா என்று மூன்று பெயர்களில் சிதறி, பல இடங்களில் "மூடநம்பிக்கை", "மாந்திரீகம்" என்னும் பொருள் தலைப்புகளின் கீழ் போய் உட்கார்ந்திருக்கிறது. நானே என் பணிக்காலத்தில் எத்தனை நூல்களுக்கு அப்படியொரு தலைப்பை யோசிக்காமல் ஒட்டினேனோ!

தமிழில் இதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலும் எனக்குத் தயக்கம் இருந்தது. "பழங்குடி அறிவு" என்று எழுதிவிட்டு அடித்தேன். கோடிக்கணக்கான மக்கள், இபாடான், லாகோஸ் போன்ற மாநகரங்கள், நூற்றாண்டு கண்ட அச்சு ஏடுகள் உடைய ஒரு சமூகத்தைப் பழங்குடி என்று எப்படிச் சொல்வது? பெனின் நாட்டு மெய்யியலாளர் போலான் ஹூண்டோன்ஜி இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டார். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சி ஆப்பிரிக்கர்களைத் தாழ்ந்த சட்ட நிலையில் வைக்கப் பயன்படுத்திய "பூர்விகர்" என்ற சொல்லை அவர் தவிர்த்து, உள்ளிருந்தே விளைந்த அறிவு என்னும் பொருள்படும் சொல்லை முன்வைத்தார். தமிழில் "அகவிளைவு அறிவு" என்று சொல்லிப் பார்க்கிறேன், நாக்கில் இன்னும் ஒட்டவில்லை.

2024 பிப்ரவரியில் காலமான ஹூண்டோன்ஜி, ஆப்பிரிக்க அறிவுலகின் நோயை வெளிநோக்கித் திரும்பிய நிலை என்று கண்டறிந்தவர். கச்சாப் பருத்தியும் கொக்கோவும் கப்பலேறிச் சென்று துணியாகவும் சாக்லேட்டாகவும் விலையேறித் திரும்புவதைப் போல, தரவுகள் ஆப்பிரிக்காவிலிருந்து சென்று, கோட்பாடாக மாறி, இதழ்களாகத் திரும்பி வருகின்றன என்பது அவர் வாதம். ஆப்பிரிக்க ஆய்வாளரும் தம் ஊர்ப் பிரச்சினையைப் பற்றி, தம் ஊரார் படிக்க முடியாத இதழில், வேறு ஊரார் கேட்கும் கேள்விக்குப் பதிலாக எழுதும்படி ஆகிறது. அவர் இதைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. 1994இல், இரும்பு உருக்குதல், மழை வேண்டல், மருத்துவம், ஃபாக் குறிமுறையின் கணிதம் என்று பல துறைகளில் தம் நாட்டு ஆய்வாளர்களை எழுதவைத்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். அதை வெளியிட்டது பாரிஸோ லண்டனோ அல்ல, செனகலின் டக்கார் நகரிலுள்ள கோடெஸ்ரியா என்னும் ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வு மன்றம். தம் வாதத்துக்கு உண்மையாக நடந்துகொண்ட அறிஞர் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. அதே ஹூண்டோன்ஜிதான் 1970களில், ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் ஒரே மெய்யியல் இருப்பதாகக் கற்பனை செய்யும் போக்கைக் கடுமையாகச் சாடியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரபைக் கொண்டாடுபவர்கள் இந்த இரண்டாவது செய்தியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஒருவர் என்னிடம் கேட்டார்: "பாபலாவோ என்ற சொல்லுக்கே மறைபொருளின் தந்தை என்றுதானே பொருள்? அவர்களும் மறைத்துத்தானே வைக்கிறார்கள், பதிப்பகத்தை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு மறைப்பும் ஒன்றல்ல. தீட்சைச் சடங்கும் அது நடக்கும் தோப்பும் புறத்தார்க்கு மூடியவை. அவற்றைத் திறக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. பாடல்களோ, குறி கேட்க வந்த யாருக்கும், ஏழைக்கும், சத்தமாக, முழுமையாகச் சொல்லப்படுபவை. கற்க விரும்புகிறவரிடம் மரபு கேட்கும் விலை பத்து ஆண்டுக் காலம். அது கடுமையான விலை. ஆனால் ஆசான் வீட்டு முற்றத்தைப் பெருக்கியும் தண்ணீர் சுமந்தும் கொடுக்கக்கூடிய விலை. பியேர் வெர்ஜே என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அந்த விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தார். 1950களில் பெனினின் கேத்தூ என்னும் நகரில் தீட்சை பெற்று, இஃபாவால் மறுபிறப்பு எய்தியவர் என்னும் பொருளில் ஃபாத்தும்பி என்ற பெயரையும் ஏற்று, மாணவராக இருந்துதான் மூலிகைகளைக் கற்றார். பாடலில் வரும் செடியின் பெயரிலுள்ள ஓர் அசையும், அந்த மருந்து செய்ய வேண்டிய செயலைக் குறிக்கும் வினைச்சொல்லும் ஒன்றோடொன்று ஒலிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். சொல்லே நினைவுக்கு முடிச்சு. செடியின் பெயரை லத்தீனில் மட்டும் பதிவு செய்துகொண்டு போனவர்களுக்கு அந்த முடிச்சு அகப்படாது. இந்த மரபின் கதவு ஆளைப் பார்த்துத் திறக்கிறது. பதிப்பகத்தின் கதவு வங்கி அட்டையைப் பார்த்துத் திறக்கிறது. என் தீர்ப்பு முதல் கதவின் பக்கம்தான்.

திறந்த வழிகளும் இல்லாமல் இல்லை. மாணவிக்கு நான் கடைசியில் எட்டில் ஆறு கட்டுரைகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், சட்டத்தை மீறாமலே. ஆப்பிரிக்க இதழ்களுக்கென்றே 1998இல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் மக்காண்டா நகரிலிருந்து இயங்கும் ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன் தளத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் உள்ளன. அவற்றுள் பல இலவசம். இரண்டு கட்டுரைகள் அங்கே கிடைத்தன, அவை இரண்டும் நைஜீரியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டவை. மூன்றை, ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்த் தளத்தில் கணக்குத் தொடங்கி, மாதம் நூறு கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம் என்ற சலுகையில் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டோம். ஒன்றுக்கு ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாளில் அவரே அனுப்பிவைத்தார், கூடவே நான் கேட்காத இன்னொன்றையும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் தாங்கள் எழுதியதை யாராவது படிக்க மாட்டார்களா என்றுதான் ஏங்குகிறார்கள். கட்டுரை விலையில் அவர்களுக்கு ஒரு காசும் போவதில்லை.

படிப்பவருக்கு இலவசம், எழுதுபவர் பணம் கட்ட வேண்டும் என்று பல பெரிய இதழ்கள் இப்போது மாறிவருகின்றன. ஒரு கட்டுரைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிய கட்டணம் அங்கே சாதாரணம். பூட்டை வாசற்கதவிலிருந்து கழற்றிக் கொல்லைக் கதவில் மாட்டியிருக்கிறார்கள். இலே-இஃபே மாணவர் இனி படிக்கலாம், எழுத முடியாது.

இவ்வளவு படித்தும் நான் இஃபாவை அறிந்தவனா என்றால், யொரூபா மொழியே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஹாலன், சோடிப்போ என்னும் இரு மெய்யியலாளர்கள் யொரூபா மருத்துவர்களோடு பல ஆண்டுகள் உரையாடி 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அந்த மொழியில் அறிதலைக் குறிக்கும் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. தன் கண்ணால் கண்டு, மனத்தால் உணர்ந்ததற்கு மட்டுமே "மோ" என்னும் சொல். பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொண்டது "பாபோ" வகை. அந்தச் சொல்லின் உறுப்புகளே ஏற்றலும் கேட்டலும்தான். பள்ளியில் படித்தது, நூலில் வாசித்தது, பேராசிரியர் சொன்னது எல்லாம் இரண்டாவது வகையில் சேரும், அது எவ்வளவு உறுதியானதாகத் தோன்றினாலும். ஆங்கிலத்தில் அறிவு என்று அழைக்கப்படும் பெரும்பகுதி அவர்கள் கணக்கில் கேள்விப்பட்டது மட்டுமே. நூலகத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகையாகும். ஆனால் அலமாரிகளை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

அன்று தாம்பாளத்தில் எனக்கு விழுந்த எட்டுக் கோடுகள்: வலப்பக்கம் ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை, இடப்பக்கம் இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை. வலப்பக்கத்து வடிவத்துக்கு ஒடி என்றும் இடப்பக்கத்துக்கு இவோரி என்றும் பெயர். ஒன்றையொன்று திருப்பிப் போட்டது போல அமைந்திருப்பதைப் பார்த்து மனைவி, "கோலம் மாதிரியே இருக்கே" என்றார். அந்த ஒடுவுக்குரிய பாடல் ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்று இணையத்தில் ஒரு தொகுப்பின் முன்னோட்டத்தைத் திறந்தேன். பொருளடக்கம் தெரிந்தது, முன்னுரை தெரிந்தது, எனக்கு வேண்டிய பக்கம் வந்ததும் இந்தப் பக்கம் முன்னோட்டத்தில் இல்லை என்ற சாம்பல் நிறக் கட்டம் வந்து நின்றது. அச்சுப் பிரதி ஒன்று சென்னையில் ஒரு நூலகத்தில் இருப்பதாக அட்டவணை காட்டுகிறது. அடுத்த வாரம் பேரனின் காதுகுத்துக்குப் போகும்போது, அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதிப்பார்களா என்று கேட்க வேண்டும்.

பாக்குகள் பதினாறும் இன்னும் டப்பாவுக்குத் திரும்பவில்லை.